ஸ்டெல்லா என்னைத்தான் கேட்டாள், அக்கா

என் உயிரான அருளக்கா,

உனக்கு நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. நீ இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்திருப்பாய். உன் தம்பி சூசை இந்த வயதில் தமிழ் எழுதுகிறான்! ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகிறது. ஆறின டீயைக் குடித்துக்கொண்டே அந்த வரியைத் திரும்பப் பார்ப்பேன். என் கையிலிருந்தா இது வந்தது என்று இருக்கும். சிரிப்பு வந்துவிடும். தனியாக உட்கார்ந்து சிரிக்கிற கிழவனைப் பற்றி அடுத்த அறைக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பாய். லேக் மார்க்கெட் பக்கத்தில் நான் லிப்ட் ஓட்டின கட்டடத்தில், மூன்றாம் மாடி மாமி. பாங்க் ஆபீசர் வீட்டு மாமி. "ஊருக்கெல்லாம் சிஸ்டர், உங்களுக்கு மட்டும் அக்காவா?" என்று நம்மைக் கேலி செய்வாரே, அவர்தான். நீ போன பிறகு ஒருநாள் கட்டட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சூசை, இத்தனை வருஷமா என்னை மேலயும் கீழயும் கொண்டுபோய் விட்டேளே, ஒரு எழுத்துகூடவா தெரியாது உங்களுக்கு?"

"நம்பர் தெரியும் மாமி. லிப்டுக்கு அது போதுமே."

"லிப்டை விட்டு இறங்கியாச்சு. இப்பவும் அது போதுமா?"

நீ இருந்தவரை எனக்குப் படிப்பு தேவைப்படவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கான்வென்ட் வராந்தாவில் மறுநாள் பூசை வாசகத்தை எனக்குப் படித்துக் காட்டுவாய். அதற்கு அர்த்தமும் சொல்வாய். நான் தலையாட்டுவேன். நீ போன பிறகு சனிக்கிழமை சாயங்காலத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கரியாஹாட் வரை நடப்பேன், கூட்டத்தில் இடிபடுவேன், திரும்பி வருவேன். அப்படித்தான் மாமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தேன்.

முதன்முதலில் நான் முழுதாகப் படித்தது ஓர் அப்பளப் பாக்கெட். லேக் மார்க்கெட் மளிகைக் கடையில், ஆட்கள் நிற்கும்போதே, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். கடைசி வரியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் பொரிக்கவும் என்று இருந்தது. கடைக்காரர், "படிச்சது போதும் பெரியவரே, பொரிச்சும் காட்டிட்டுப் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கால் தானாகவே கான்வென்ட் பக்கம் திரும்பியது, அக்கா. பாதி வழியில்தான் நினைவு வந்தது.

எழுதத் தெரிந்ததும் முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். அப்பளத்தைப் பற்றி எழுதலாம், மாமி என் கையெழுத்தைப் பார்த்து மரவட்டை ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னதை எழுதலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் எழுத வேண்டியது ஸ்டெல்லாவைப் பற்றி என்று ஆகிவிட்டது. மாமி இதை இந்த வங்காள ஊரில் நம் தமிழ்க்காரர்கள் வருடந்தோறும் போடும் மலரில் போடலாம் என்கிறார். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "போடுங்கப்பா. என்னை மாதிரி ஒருத்தி எங்கயாவது படிப்பா" என்றாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

ஸ்டெல்லா என் ஒரே மகள். அவள் அம்மா ரோசம்மாள் போனபோது அவள் சின்னப் பிள்ளை. அத்தை அத்தை என்று உன் வெள்ளை உடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தாள். அவள் தலைக்குப் பேன் பார்த்ததும் நீ, முதல் நற்கருணைக்கு அவளைத் தயார் செய்ததும் நீ. இப்போது சால்ட் லேக்கில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் ராபின் வங்காளி. கிறிஸ்தவர்தான், ஆனால் நம் சபை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல், நீ உருட்டாத ஜெபமாலை இல்லை. நீ போன பிறகுதான் உண்டானாள். அத்தை மேலே போய் நேரில் கேட்டு வாங்கிவிட்டாள் என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். பிறகு சொன்னாராம். பிள்ளைக்கு மண்டையோடு மேலே மூடவில்லை, மூளை வளரவில்லை, இனி வளராது. பிறந்தாலும் சில நிமிஷங்கள், மிஞ்சினால் ஒரு நாள். இப்போதே வலி வரவழைத்துப் பிரசவத்தை முடித்துவிடலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சுமக்க விரும்பினால் மாதம் முடியும்வரை சுமக்கலாம், அதற்கும் தடை இல்லை. யோசித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா என் அறைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் என்னப்பா செய்யட்டும்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். உன் பேச்சு வந்தது.

வேறு எது வரும்? கான்வென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகளுக்கு நீ எடுத்த வகுப்பு முழுவதையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன் நான். உனக்குச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டு, வகுப்பு முடியும்வரை அங்கேயே இருப்பேன். அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எழுதத் தெரியாத நான் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டேன். அதை எடுத்து ஸ்டெல்லாவிடம் வைத்தேன். உயிர் கொடுத்தவருக்குத்தான் அதை எடுக்க உரிமை. கருவில் இருக்கிற பிள்ளைக்கும் கடவுளின் சாயல் உண்டு, அது மூளையிலோ அழகிலோ இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு விலை, இல்லாத பிள்ளைக்கு ஒரு விலை என்று வைத்தால், நாளைக்கு நினைவு தப்பிப் படுத்திருக்கும் கிழவிக்கும் விலை குறைத்துவிடுவார்கள்.

நீ லிப்டை வைத்துச் சொன்னதையும் சொன்னேன். ஒரு நர்ஸ் பிள்ளை எழுந்து, உயிர் எந்த மாதத்தில் வருகிறது என்பதில் பழைய காலத்துச் சபைப் பெரியவர்களே ஒத்துப்போகவில்லையாமே என்று கேட்டதல்லவா? நீ ஆமாம், ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொண்டாய். பிறகு என்னைக் காட்டி, "இவன் லிப்ட் ஓட்டுறான். கீழே குழியில மெக்கானிக் இறங்கியிருக்கானா இல்லையான்னு தெரியல. பட்டனை அழுத்தலாமா?" என்று கேட்டாய். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுத்தமாட்டேன் என்று தலையாட்டினேன். வகுப்பு முடிந்தது.

ஸ்டெல்லா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"இது எல்லாம் எனக்கும் மனப்பாடம்பா. அத்தைகிட்ட கேட்கணும்னா கல்லறைக்குப் போயிருப்பேன். நான் உங்ககிட்ட வந்திருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதையாவது உங்க வாயால சொல்லுங்க."

எனக்கு அதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தெரு முனையில் ஆட்டோவில் ஏறும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று தெரிந்தது. நீ செத்தபோதுகூட அப்படி இல்லை, அக்கா. அப்போது உன் பேச்சாவது என்னோடு இருந்தது. அன்றைக்கு மகள் வந்து அதைப் போதாது என்று சொல்லிவிட்டாள். அதை எடுத்துவிட்டால் உள்ளே வேறு என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தேன். வீடு காலி செய்த பிறகு நடந்தால் காலடிச் சத்தம் கேட்குமே, அப்படி இருந்தது.

மாமியிடம் போனேன். மாமி அபிப்பிராயம் சொல்லவில்லை. தனக்கும் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போனது என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது. பேர் வைத்தீர்களா என்று கேட்டேன். "வச்சேன். யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார். பிறகு ஒரு தூக்கில் ரசத்தை ஊற்றி, "இதை உங்க பொண்ணாத்துக்கு எடுத்துண்டு போங்கோ. பாடம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

ஆனால் பாடத்தை நான் விடவில்லை. பயத்தில் படித்தேன் என்று வைத்துக்கொள். பைபிளில் மாதாவுக்குத் தூதர் வந்த பக்கத்தை எடுத்தேன். உன் குரலில் எத்தனையோ தடவை கேட்ட பக்கம். நீ படித்தால் ஒரு மூச்சில் முடிந்துவிடும். தூதர் வருவார், சொல்வார், மாதா ஆகட்டும் என்பாள், மணி அடிக்கும். நான் படித்தால் அப்படி இல்லையே. தூதர் சொல்லி முடிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அப்புறம் பார்த்தால் அந்தப் பெண் உடனே சரி என்று சொல்லவில்லை. திருப்பிக் கேட்கிறாள். தூதர் நின்று அவளுக்குப் பதில் சொல்கிறார். அதன் பிறகுதான் அவள் சரி என்கிறாள். அந்தப் பதில் வரும்வரை தூதரும் காத்திருந்தார், எழுத்துக் கூட்டிக்கொண்டு நானும் காத்திருந்தேன்.

கடவுளே ஒரு பெண்ணின் உடம்பில் வர வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார், அக்கா. இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை. நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நீ என்ன சொல்வாய் என்பதும் உடனே காதில் விழுந்துவிட்டது. "மாதாவைக் கேட்டப்போ பிள்ளை இன்னும் வரலடா சூசை. ஸ்டெல்லாவோட பிள்ளை வந்தாச்சு. வந்த பிள்ளையை வெளியே போன்னு சொல்றது வேற." சரிதான். நீ சொன்னால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

ரசத்தோடு சால்ட் லேக் போனேன். பஸ்ஸில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, சிந்தாமல், எல்லாருடைய திட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். ராபின்தான் கதவைத் திறந்தார். பாவம், இளைத்துப்போயிருந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"பாபா, எங்க சர்ச்சில பாஸ்டர் சொல்றார், இந்த உலகம் உடைஞ்ச உலகம். சுத்தமான கை யாருக்கும் இல்லை. பிரேயர் பண்ணி ஒரு முடிவு எடுங்க, ஈஷ்வர் மன்னிப்பார்ன்னு" என்றார்.

உள்ளே படுத்திருந்த ஸ்டெல்லா எழுந்தே வந்துவிட்டாள். "எதுக்கு மன்னிக்கணும்? நான் என்ன செஞ்சேன்? பிள்ளைக்கு மண்டை மூடாததுக்கு என்னை மன்னிக்கணுமா?"

"அப்படி இல்லை ஸ்டெல்லா..."

"துமி சுப் கொரோ." வாயை மூடு என்று வங்காளத்தில் அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அத்தைக்குக் கடைசியில மூச்சு முட்டுச்சே, டாக்டர் மெஷின் வைக்கலாமான்னு கேட்டாரு. அத்தை வேணாம்னு தலையாட்டுச்சு. யாராவது அதைப் பாவம்னு சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. நீதான் முன்பே எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தாயே. சாகடிப்பது வேறு, சாகவிடுவது வேறு. உடம்புக்கு மிஞ்சின சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம், சபை அதைத் தடுக்கவில்லை என்று.

"இந்தப் பிள்ளைக்கு நான்தானப்பா மெஷின்" என்றாள் ஸ்டெல்லா. "என் மூச்சு, என் ரத்தம். எடுத்தா போயிடும். வச்சிருந்தாலும் கொஞ்ச நாள்ல போயிடும். மெஷினுக்கு மட்டும் போதும்னு சொல்ல உரிமை இல்லையா?"

அக்கா, அப்போது நான் உன் பக்கம் நின்றேன், அதைத் தெரிந்துகொள். "நீ மெஷின் இல்லம்மா" என்றேன். "மெஷினைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அம்மான்னு சொல்லாது. உன் வயிறு அதுக்கு சிகிச்சை இல்ல, அது இருக்கிற வீடு." நீ இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாய் இல்லையா? நன்றாகத்தான் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்பா. அதனாலதான் தூங்க முடியல. தினமும் பஸ்ஸில யாராவது வயித்தைப் பார்த்து எழுந்து இடம் குடுக்கிறாங்க. என்ன பிள்ளை வேணும்னு கேட்கிறாங்க. ஆபீஸ்ல பேர் தேடிக் குடுக்கிறாங்க. அது உள்ள உதைக்குது. உதைக்கிற பிள்ளைக்கு நான் சவப்பெட்டி ஆயிட்டேனேன்னு இருக்கு. அன்பா சுமக்கிறவங்க இருக்காங்க, அவங்க பெரியவங்க. என்னால முடியும்னா நானும் சுமப்பேன். முடியலப்பா. முடியாததைச் செய்யாட்டா அது கொலையா?"

நீ என்ன சொல்வாய்? சொல் அக்கா. இந்த ஒரு கேள்விக்கு உன் வகுப்பில் பதில் இருந்ததா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். வீரமாக இருப்பது பரிசுத்தவான்களின் காரியம் என்று ஒருநாள் சொன்னாய். வீரமாக இருக்க முடியாதவர்களை என்ன செய்வது என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போயிருப்பேன்.

அப்போதுதான் என் வாயிலிருந்து என் பேச்சு வந்தது. கேட்க ஒன்றும் பெரிதாக இருக்காது.

"பிள்ளை பிள்ளைதாம்மா. அது ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லல. ஆனா சுமக்கிறது நீ. சுமன்னு உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. இறக்கி வைன்னு சொல்லவும் வரல. அன்பை அதட்டி வாங்க முடியும்னு எனக்குத் தோணல. நீ எதைச் செஞ்சாலும் உன் பக்கத்துல நான் இருப்பேன். என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான்."

ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுல அத்தை எங்கயுமே இல்லையேப்பா" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ரசம் ஆறிடும், குடி" என்றேன்.

அவர்கள் இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். வலி வரவழைக்கச் சொல்லிவிட்டார்கள். ராபின் போனில் என்னிடம் சொன்னார். நான் சரி என்றேன். போனை வைத்த பிறகு உன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். உனக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். முதன்முதலாக உனக்குப் பிடிக்காத ஒன்றில் நான் நிற்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. நீ திட்டுவாய் என்ற பயம் இல்லை. இனி எதையும் உன்னோடு சேர்ந்து நம்ப முடியாதோ என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் காலையில் ஆரம்பித்து சாயங்காலம்வரை ஆனது. முடிந்ததும் என்னையும் உள்ளே விட்டார்கள். ஸ்டெல்லா ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளை. என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தலையில் துணி சுற்றியிருந்ததால் முகம் மட்டும்தான் தெரிந்தது. உன் மோவாய், அக்கா. நம் வீட்டு மோவாய்.

"அப்பா, அத்தை வார்டுல எல்லாருக்கும் சொல்லிக்குடுத்திருந்துச்சுல்ல, தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கிறது" என்றாள் ஸ்டெல்லா. "நீங்க ஊத்துங்க."

உயிர் இருந்ததா? நர்ஸைப் பார்த்தேன். அவள் தெரியவில்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டாள். துடிப்பு ஒன்று கண்டதாக ராபின் சொன்னார். நான் காணவில்லை. அதற்கும் நீ வழி சொல்லி வைத்திருந்தாய். சாகப்போகிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது, யாரும் ஊற்றலாம், இந்து ஆயாவும் ஊற்றலாம். உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், உனக்கு உயிர் இருக்குமானால் என்று முதலில் சொல்லிவிட்டு ஊற்ற வேண்டும். ராபின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். தண்ணீரை ஊற்றினேன். ரோசி என்று பேர் சொன்னேன், ஸ்டெல்லாவுடைய அம்மா பேர்.

அன்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்த நம் சபை, கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை முன்னால் வந்து நிற்கும்போது, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுகிறது. தெரியவில்லை என்பதற்காக ஊற்றாமல் இருப்பதும் இல்லை. இதை நீதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய். நீ நினைத்ததைவிடப் பெரிய காரியத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டாயோ?

புதைக்க ஃபாதர் வருவாரா என்று பயந்துகொண்டே போய்க் கேட்டேன். அவர் இளம் வயசு, தூத்துக்குடிப் பக்கம். "பெரியப்பா, சபைச் சட்டம் என்ன சொல்லுதுன்னு சிஸ்டர் அருள் இருந்தா எனக்கே வகுப்பெடுப்பாங்க. அதை நான் மாத்த முடியாது. ஆனா பிள்ளைக்கு மண்ணு போட வராம இருப்பேனா?" என்றார். வந்தார். ஒன்றும் புத்தி சொல்லவில்லை. மழையில் செருப்பெல்லாம் சேறாகி நின்றார். போகும்போது ஸ்டெல்லாவிடம், எப்போது பேச வேண்டும் என்று தோன்றினாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வா, வாசல் திறந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அவள் போகவில்லை. நான் கேட்டேன். "போனா செஞ்சது தப்புன்னு சொல்லணும்ல அப்பா. அது வாயில வரல. தப்பே இல்லன்னு சொல்லவும் வரல. ரெண்டும் வராதப்போ உள்ள போய் என்ன பேச?" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கே ஒரு பதிலைச் சொல்ல எழுபது வயதுக்கு மேல் ஆனதே.

இப்போது ஸ்டெல்லா வேலைக்குப் போகிறாள். ராபின் சமைக்கப் பழகிவிட்டார், எல்லாவற்றிலும் சீனி போடுகிறார். மாமி எனக்கு இப்போது பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். தலைப்புகள் பெரிய எழுத்தாக இருப்பதால் அவற்றை மட்டும் வாசித்துவிட்டு உலகச் செய்தி முழுவதும் தெரிந்தவன்போல் பேசுகிறேன். மாமி கண்டுபிடித்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா பூசைக்கு வந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவை. ராபினைக் கூட்டி வராமல் தனியாக வந்து, என் பக்கத்தில் நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டுக்கு எழுந்தாள், முழங்காலில் நின்றாள், எல்லாம் செய்தாள். நற்கருணை அப்பம் வாங்க வரிசை கிளம்பியது. எங்கள் பெஞ்சிலும் எல்லாரும் எழுந்தார்கள். நானும் வழக்கம்போல் எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் எழவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அதை வாங்கக் கூடாது என்று நீதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். கையை மடியில் வைத்துக்கொண்டு முன்பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முழங்காலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒருத்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏன் இவள் எழவில்லை என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டினாள்.

பெஞ்சு காலியானது. அவ்வளவு நீள பெஞ்சில் அவள் ஒருத்தி. சின்ன வயதில் உன் மடியைவிட்டு இறங்காத பிள்ளை, அக்கா.

நான் வரிசையை விட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க போங்கப்பா" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு என்ன?"

"முழங்கால் வலி" என்றேன்.

"பொய்."

"ஆமா, பொய்தான். அதுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வேணும்னா நான் போறேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். வரிசை திரும்பி வந்தபோது இருவரும் சேர்ந்து முழங்காலை ஒதுக்கி எல்லாருக்கும் வழி விட்டோம்.

நீ கோபப்படுவாய். நற்கருணையை விட்டுவிட்டு உட்கார உனக்கு என்ன அதிகாரம் என்பாய். யாரையும் எதிர்த்து நான் உட்காரவில்லை, அக்கா. சபை சொல்வது தப்பு என்று சொல்லவும் எனக்குப் படிப்பு இல்லை. நம்பிக்கையை நான் விடவும் இல்லை. வாரம் முழுக்க அதற்காகக் காத்திருக்கிற எனக்கு அது இல்லாமல் வீட்டுக்கு வருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனால் மகள் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தகப்பன் எழுந்து போய்ச் சாப்பிடுவான்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஞாயிறும், அடுத்த ஞாயிறும், எத்தனை ஞாயிறு ஆனாலும் அந்த பெஞ்சில் அவளைத் தனியாக விடமாட்டேன். அவள் என்றைக்கு எழுந்து வரிசைக்குப் போகிறாளோ அன்றைக்கு அவள் பின்னாலேயே நானும் போவேன். அதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீயும் முடிந்தால் அவளுக்கு அந்தப் பக்கமாக வந்து உட்கார். எங்களோடு ஒத்துப்போக வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

உன்னோடு ஒத்துப்போகாதபோதும்
உன் தம்பி,
சூசை